ஆடியவர் ஆக்குநரான வரலாறு: ருக்மிணி தேவியின் பயிற்சியும் படைப்பும்

கலைகள் பலவற்றுள்ளும் ஆடற்கலை தனித்ததோர் இயல்பினை உடையது. கவிஞன் மறைந்த பின்னரும் கவிதை ஏட்டில் நிற்கும். சிற்பி மறைந்த பின்னரும் சிலை கல்லில் நிற்கும். ஆடலோ ஆடுவோரின் உடலன்றி வேறு நிலைக்களன் இல்லாதது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு ஆசிரியன் வழியாகக் கையளிக்கப்பட்டாலன்றி அது வாழ்தல் இயலாது. ஆதலின் இக்கலையின் வரலாற்றை ஆராய்வோர், யார் ஆடினர் என்பதோடு யார் ஆட்டுவித்தனர், யார் ஆடலை வகுத்தனர் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும்.

மட்டக்களப்பு நாட்டில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. வாழைச்சேனைக்கு வடக்கே மாங்கேணி, வாகரை எனக் கடலையும் களப்பையும் ஒட்டித் தொடரும் ஊர்கள் முதலாகத் தெற்கே படுவான்கரைச் சிற்றூர்கள் ஈறாகப் பரந்து கிடக்கும் இந்நாடு கூத்துக்குப் பேர்போனது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளிலும் சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்னும் படிமுறைகள் உள. இவை அனைத்தையும் நடத்துபவர் அண்ணாவியாரே. களரியின் நடுவே நின்று மத்தளம் முழக்குபவரும், பாட்டெடுத்துக் கொடுப்பவரும், இன்னார்க்கு இன்ன தாளம் இன்ன ஆட்டம் என வகுப்பவரும் அவரே. வெற்றுக்கால்களோடு களரியில் நுழைந்த இளைஞன் ஒருவன் பல்லாண்டுகள் ஆடி முதிர்ந்து பின்னொரு நாள் தானே அண்ணாவியாராவதும் உண்டு. ஆடியவர் ஆக்குநராகும் இந்நிகழ்ச்சி பரதநாட்டிய வரலாற்றில் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்தன யாவை என்பதை ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் வாழ்க்கை தெளிவுறக் காட்டுகின்றது.

இன்று பரதநாட்டியம் என வழங்கும் ஆடல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிற்று. கோயில்களிலும் அரசவைகளிலும் தேவதாசியர் இதனை ஆடினர்; இசைவேளாளர் மரபினரான நட்டுவனார் இதனைப் பயிற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையை அணிசெய்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரும் அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என நிகழ்ச்சியின் ஒழுங்கினைச் செம்மைப்படுத்தினர். அவ்வொழுங்கே இன்றளவும் தனியாடல் நிகழ்ச்சிக்கு அடிப்படையாக விளங்குகின்றது.

இவ்வமைப்பில் உரிமைகள் வகுக்கப்பட்டிருந்தன. தாளக்கோவையை ஆக்குதலும் அதற்கேற்ற அடவுகளைக் கோத்தலும் நட்டுவனாரின் பணி. பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் விரித்துக் காட்டும் அபிநயத்தில் ஆடுபவர்க்குப் பரந்த உரிமை இருந்தது. ஒரே அடியினைப் பன்முறை பாடுமிடத்து ஒவ்வொரு முறையும் புதியதொரு பொருள் தோன்ற அபிநயித்தல் சிறந்த நர்த்தகியின் ஆற்றலாகக் கருதப்பட்டது. ஆயினும் நிகழ்ச்சியின் கட்டுக்கோப்பு நட்டுவனாரின் கைத்தாளத்துள் அடங்கியிருந்தது. பலர் கூடி ஆடும் குறவஞ்சி போன்றவை சில கோயில்களில் நிகழ்ந்தன எனினும், இவ்வாடல் பெரும்பான்மையும் ஒருவர் ஆடும் தனியாடலாகவே வளர்ந்து வந்தது.

இக்கலை பெரும் இடருக்குள்ளானதும் அக்காலத்தேதான். கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழித்தல் வேண்டுமென மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் முதலானோர் போராடினர். அப்போராட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறைவுற்றது. சமுதாய நீதியின் பாற்பட்ட அம்முயற்சியின் நடுவே, வழக்கத்தோடு ஆடலும் அழிந்துபோகுமோ என்னும் அச்சமும் தோன்றிற்று. வழக்கறிஞரான இ. கிருஷ்ணையர் பெண் வேடந்தாங்கித் தாமே ஆடியும், கட்டுரை எழுதியும், 1928இல் நிறுவப்பெற்ற சென்னைச் சங்கீத வித்துவ சபையில் நடன நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தும் இக்கலையைக் காக்க முற்பட்டார். ருக்மிணி தேவி இவ்வாடலைக் காண நேர்ந்த சூழ்நிலை இதுவாகும்.

அவர் 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரிகள் பொறியியலாளர். பிரமஞான சபையில் ஈடுபாடு மிக்கவர். ஓய்வு பெற்றபின் அவர் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில் குடியேறினார். சபையின் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரின் அணுக்கமும் பல நாட்டு அறிஞரின் பழக்கமும் இளமையிலேயே ருக்மிணிக்கு வாய்த்தன. 1920இல் அவர் ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை மணந்தார். பிராமணப் பெண்ணொருத்தி வெளிநாட்டவரை மணந்தமை அந்நாளில் பெருங் கண்டனத்தை எழுப்பியது. பிறர் பழிக்கு அஞ்சாத அவ்வுறுதி பின்னர் நடனத்துறையிலும் அவர்க்குத் துணைநின்றது.

கணவரோடு உலகைச் சுற்றிவந்த காலத்தில், 1928ஆம் ஆண்டளவில், உருசிய நாட்டுப் பலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டார். இருவரும் நண்பராயினர். பாவ்லோவாவின் குழுவிற் சிறந்து விளங்கிய கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பலே பயின்றார். எனினும் தம் தாய்நாட்டின் ஆடலைத் தேடிக் காணுமாறு பாவ்லோவாவே அவர்க்கு அறிவுறுத்தினார் என்பர். பலே பயிற்சி அவர்க்கு இரு நன்மைகளை அளித்தது எனலாம். உடலை நாள்தோறும் பணியச் செய்யும் ஒழுக்கம் ஒன்று. அரங்கு முழுவதையும் ஒரு சித்திரமாகக் காணும் கண் மற்றையது. ஒளி, உடை, வண்ணம், பலர் கூடி நிற்கும் நிலை ஆகிய யாவும் சேர்ந்தே ஒரு படைப்பு ஆகின்றது என்னும் உணர்வு தனியாடல் மரபிற்கு அயலானது. அதனைப் பின்னாளிற் பயன்படுத்தினார் ருக்மிணி தேவி. ஆயினும் பலே நடனத்தின் அசைவுகளைப் பரதத்துள் கொண்டுவந்து புகுத்தவில்லை என்பது குறிக்கற்பாலது.

1933இல் சங்கீத வித்துவ சபையில், பந்தணை நல்லூர் மரபிற் பயின்ற சகோதரியர் இருவர் ஆடக் கண்டது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அப்போது அவர்க்கு அகவை முப்பதை அணுகியிருந்தது. ஏழெட்டு வயதிலேயே தட்டடவில் தொடங்கும் ஒரு கலையைக் கற்க அவ்வயதில் முற்படுதல் எளிதன்று. முதலில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மரபைச் சேர்ந்த கௌரி அம்மாளிடம் பாடம் கேட்டார். அபிநயத்தில் நிகரற்றவர் எனப் போற்றப்பட்ட அம்முதியவரே, புகழ்பெற்ற பாலசரஸ்வதியின் கலைக்கும் ஊற்றுக்கண்களுள் ஒருவர். அதன் பின்னர் ருக்மிணி பந்தணை நல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார்.

தஞ்சை நால்வர் மரபில் வந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நாளைய நட்டுவனாருள் முதன்மையானவர். மரபுக்குப் புறம்பான குடியினளும், வயது முதிர்ந்தவளும், செல்வாக்கு மிக்கவளுமான ஒருத்தி ஆடலின் கடுமையைத் தாங்குவாளோ என அவர் தயங்கியதில் வியப்பில்லை. பின்னர் இணங்கினார். அரைமண்டியில் அமர்ந்து, தட்டுக்கழியின் ஒலிக்கேற்ப, முதற் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என ஒரே அடவினை நூறுமுறை ஆடும் பயிற்சி அது. உலகம் போற்றும் பெருமாட்டியாக அவர் எங்கு விளங்கினும், ஆசிரியர் முன் மாணவி என்னும் நிலையினின்றும் வழுவவில்லை. ஓர் அடவினை மாற்றுதற்கு முன் அதனைப் பிழையற ஆடத் தெரிதல் வேண்டும் என்பதை இப்பயிற்சியே அவர்க்கு உணர்த்திற்று.

1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், அடையாற்றில் நிகழ்ந்த பிரமஞான சபையின் வைரவிழாவில் அவர் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஆடினார். உயர்குடிப் பெண் சதிர் ஆடுவதோ என முகஞ்சுளித்தோர் பலர். ஆயினும் அவையிலிருந்த கற்றோர் பலரின் ஐயம் அன்றே நீங்கத் தொடங்கிற்று. அடுத்த மாதம், 1936 ஜனவரியில், கலைகளுக்கான ஒரு நிலையத்தை அவர் நிறுவினார். கலாட்சேத்திரம் எனப் பின்னர் பெயர்பெற்ற அந்நிலையத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர்தம் மருகர் சொக்கலிங்கம் பிள்ளையும் ஆசிரியராயினர். வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பயிலப்பட்ட ஆடல், பாடத்திட்டமும் கால அட்டவணையும் உடைய கல்வியாயிற்று. வாய்ப்பாட்டு, தாளம், வடமொழி, கோட்பாடு ஆகியனவும் உடன் கற்பிக்கப்பட்டன.

ருக்மிணி தேவியின் முதல் மாற்றங்கள் அரங்கு பற்றியனவாக அமைந்தன. முன்னர் நர்த்தகிக்குப் பின்னே நின்று, அவர் நகருந்தொறும் உடன்நகர்ந்த பக்கவாத்தியக்காரர் அரங்கின் ஒரு புறத்தே அமர்த்தப்பட்டனர். கோயிற் சிற்பங்களைத் தழுவி உடை புதிதாக வகுக்கப்பட்டது. நடராசர் திருவுருவம் அரங்கில் இடம்பெற்றது. இவையெல்லாம் ஆடலின் புறக்கோலமேயாகும். ஆடலின் உள்ளமைப்பிற் கைவைக்கும் தகுதி அவர்க்குப் பின்னரே வாய்த்தது.

அதற்கு ஒரு நெருக்கடி வாயிலாயிற்று. 1940களின் தொடக்கத்தில் சொக்கலிங்கம் பிள்ளை நிலையத்தை விட்டகன்றார். நட்டுவனார் இன்றி நிகழ்ச்சி இல்லை என்னும் நிலையில், ருக்மிணி தேவியும் அவர் மாணவியரும் கைத்தாளத்தைத் தாமே ஏந்தினர். பெண்கள் நட்டுவாங்கம் செய்தல் அந்நாளில் மிக அரிது. சொற்கட்டு ஒவ்வொன்றையும் வாயாற் சொல்லி, கையால் தாளம் தட்டி, கண்ணால் ஆடுவோரை நோக்கும் அப்பணி ஆடலை மற்றொரு பக்கத்திலிருந்து காணும் வாய்ப்பினை நல்கிற்று. ஆடுபவர் தம் உடலை உள்ளிருந்து அறிவர். தாளம் ஏந்துபவரோ ஆடலை வெளியிருந்து அறிவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியபோது ஆக்குநர் பிறந்தார்.

1944இல் அவர் முதல் நாட்டிய நாடகமாகிய குற்றாலக் குறவஞ்சியை அரங்கேற்றினார். திரிகூடராசப்பக் கவிராயரின் அந்நூலுக்கு இசையமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். இத்தேர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குறவஞ்சி பிறப்பிலேயே ஆடற்குரிய இலக்கியம். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தமை அதற்குச் சான்று. மேலும், வெவ்வேறு நிலையினரான மாந்தர் அதில் வருவர். இறைவன் உலாக் கண்டு மயங்கும் வசந்தவல்லி, அவளோடு பந்தாடும் தோழியர், மலைவளம் பாடிக் குறிசொல்லும் குறத்தி, பறவைக்குக் கண்ணி வைத்துக்கொண்டே தன் சிங்கியைத் தேடித் திரியும் சிங்கன் ஆகிய அனைவரும் ஒரே நடையில் ஆடுதல் இயலாது. தலைவிக்குச் செம்மையான பரதமும், குறத்திக்கும் சிங்கனுக்கும் நாட்டார் ஆடலின் துள்ளலும் வேண்டும். ஒரே இலக்கணத்துள் பல நடைகளைத் தோற்றுவிக்கும் பயிற்சிக்களமாக அந்நூல் அவர்க்கு அமைந்தது.

தனியாடலைக் குழுவாடலாக்குதல் ஒருவர் ஆடுவதைப் பலர் ஆடுதல் என்று மட்டும் பொருள்படாது. தனியாடலில் ஒருத்தியே தலைவியும் தோழியும் தலைவனும் ஆவாள். காண்போர் கற்பனையால் இடைவெளியை நிரப்புவர். நாடகத்திலோ தலைவியும் தோழியும் எதிரெதிரே நிற்பர். ஒருத்தி அபிநயிக்கும்போது மற்றையோர் யாது செய்வர்? வரிசையாக நிற்பரோ, வட்டமாகச் சூழ்வரோ? அவர்கள் எத்தாளத்திற் புகுந்து எத்தாளத்தில் விலகுவர்? இவ்வினாக்களுக்குத் தஞ்சை நால்வர் வகுத்த ஒழுங்கில் நேரான விடை இல்லை. அடவுகளைச் சொற்களாகக் கொண்டு புதிய தொடர்களை இயற்றுதலே ருக்மிணி தேவி கண்ட விடை. சொற்கள் பழையன, தொடர்கள் புதியன. கற்றதனைக் கைவிடாது அதனைக் கொண்டே கல்லாத ஒன்றைச் சொல்லியது அவரது திறம்.

இதன்பின் படைப்புகள் தொடர்ந்தன. 1947இல் காளிதாசனின் குமாரசம்பவம் டைகர் வரதாச்சாரியாரின் இசையில் உருவாயிற்று. 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு நாட்டிய நாடகங்களாக விரிந்தது. முதலாவதான சீதா சுயம்வரத்துக்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் இசையமைத்தபோது அவர்க்கு அகவை தொண்ணூறு அளவில் இருந்தது. 1961இல் அவர் மறைய, அவர்தம் பேரர் இராஜாராம் அப்பணியை நிறைவுசெய்தார். முதிர்ந்த இசைப்புலவரைக் கொண்டு முதலில் இசையை முழுமையாக்கி, அவ்விசை காட்டும் வழியே ஆடலை வகுத்தல் ருக்மிணி தேவியின் முறையாயிருந்தது.

இராமனும் இராவணனும் அரங்கேறுதற்கு ஆண்மை மிக்க ஆடல் வேண்டும். பெண்டிர் தனியாடலாக வளர்ந்த சதிரில் அதற்குப் போதிய வளம் இல்லை. ஆகவே கேரளத்திலிருந்து கதகளி ஆசிரியரான அம்பு பணிக்கரும், பின்னர் சந்து பணிக்கரும் வரவழைக்கப்பட்டனர். 1953இல் மாணவராய்ச் சேர்ந்த வி. பி. தனஞ்செயன் போன்ற இளைஞர் பரதம், கதகளி இரண்டிலும் பயின்று இந்நாடகங்களில் ஆடினர். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆடவரே ஆடிவந்த பாகவத மேள நாடகத்தையும் ருக்மிணி தேவி ஊன்றிக் கற்றார். அம்மரபின் பாலு பாகவதரின் துணையோடு 1959இல் உஷா பரிணயத்தை அரங்கேற்றினார். ஒவ்வொரு புதுமைக்கும் முன்னே ஒரு பழைய ஆசிரியரின் காலடியில் அமர்தல் என்பது அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட நெறி.

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை சூட்டுதலோடு அமைதல் தகாது. இம்மலர்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் கூறப்படல் வேண்டும். நூற்றாண்டுகளாக இக்கலையை உடலிற் சுமந்துவந்த தேவதாசிக் குலத்துப் பெண்கள் பலர், அக்கலை மதிப்புப் பெற்ற நாளில் அரங்கினின்றும் மறைந்தனர். நட்டுவனார் வசமிருந்த ஆக்கும் உரிமையும் படிப்படியாகக் குடிவழி நீங்கிப் பள்ளிவழியாயிற்று. சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பத்திச் சுவையை மிகுத்த ருக்மிணி தேவியின் போக்கைப் பாலசரஸ்வதி ஏற்றிலர். 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பாலசரஸ்வதி, சிருங்காரமே அபிநயத்தின் உயிர் என்றும், மரபு வகுத்த நிகழ்ச்சி ஒழுங்கு கோயில் போன்று நிறைவுடையது என்றும், அதனைத் தூய்மைப்படுத்த முயல்வது வேண்டாத செயல் என்றும் கருத்துரைத்தார். தனியாடலின் நுண்மை, பலர் ஆடும் நாடகத்தில் ஓரளவு குன்றுதல் இயல்பே. ஆகலின் இக்குற்றச்சாட்டினை எளிதில் ஒதுக்குதல் இயலாது.

ஆயினும் இவ்விரு பெருமாட்டியரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் கௌரி அம்மாளிடம் பாடங்கேட்டவர். இருவரும் பயிற்சியின் கடுமையைத் தளர்த்தாதவர். ஒருவர் மரபின் உள்ளே ஆழ்ந்து ஒவ்வோர் இரவும் புதுப்பொருள் கண்டார். மற்றவர் மரபினைப் பரப்பிப் பலர் ஆடும் களமாக்கினார். பயிற்சியின்றி ஆக்கம் இல்லை என்பதற்கு இருவரும் சான்று. 1986 பெப்ரவரி 24ஆம் நாள் ருக்மிணி தேவி மறைந்த பின்னரும் கலாட்சேத்திரம் நிலைபெற்றது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய நாட்டின் சிறப்பு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வரலாறு மட்டக்களப்பு நாட்டிற்கு உணர்த்துவது யாது? இந்நாட்டிலும் இதுபோன்றதொரு நிகழ்ச்சி உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு, விடியவிடிய ஆடப்படும் கூத்தினைச் சுருக்கிச் செப்பனிட்டு, 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் அரங்கேற்றினார். அதற்கு ஆடலும் தாளமும் வழங்கியவர் மட்டக்களப்பு அண்ணாவிமார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி, அந்நாடகத்தைத் தாமே புதிதாக நெறிப்படுத்தினார். கூத்தின் ஆடல்களைக் கொண்டு வேறு நாடகங்களையும் ஆக்கினார். களரியிற் கற்றதே அவர் ஆக்கத்திற்கும் முதலாயிற்று.

இன்று இலங்கைப் பாடசாலைகளில் பரதநாட்டியம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக நின்று, அதனை உயர்கல்வியாக வளர்க்கின்றது. ஊர்ப்புறத்துச் சிறுமியொருத்தி மாலைவேளையில் தட்டடவு பயிலும்போது, தஞ்சை நட்டுவனாரும் கோயிற் பெண்டிரும் அடையாற்று ஆசிரியரும் ஈட்டிவைத்த செல்வத்தையே பெறுகின்றாள். அவள் ஊரிலேயே மத்தளத்தோடு முதிர்ந்த அண்ணாவியார் ஒருவரும் இருத்தல் கூடும். அவர் முன் அமர்ந்து கேட்கும் பணிவும் அவளுக்கு வாய்க்குமாயின், அவள் நாளை ஆக்கும் ஆடல் இவ்விரு மரபுக்கும் உரியதாகும். அவரிடம் கேளாது விட்டாலோ, அவர் உடலோடு அவ்வாட்டமும் மண்ணிற் புதையும். ஆசிரியர் உயிரோடிருக்கும் நாளிலேயே கற்றல் வேண்டும் என்பது ருக்மிணி தேவியின் வாழ்க்கை கற்பிக்கும் பாடமாகும்.